மடு யாத்திரைச் சேவை

அந்தப் படியில் காலை வைத்துவிடாதீர்கள், தம்பி. அதற்கு நேற்றுத்தான் வர்ணம் பூசினேன். இப்படி இந்த ரயரின்மேல் அமருங்கள். நீங்கள் தேடி வந்த ஒஸ்ரின் பிக்கப்பின் பின்கதவு என்னிடம் இருக்கிறது. அது இருக்கும் அறையின் திறப்பு என் மைத்துனர் இராசநாயகத்தின் சட்டைப்பையில் இருக்கிறது. இராசநாயகம் சுன்னாகம் சந்தையில் இருக்கிறார். மரக்கறி வாங்கப் போனால் அவர் விலையைக் கேட்டு, விவாதித்து, வாங்காமல் வருகிறவர். ஆகவே நமக்கு நேரம் நிறைய இருக்கிறது.

நான் கவனித்தேன். நுழைந்த நேரம் தொடக்கம் உங்கள் கண் அந்தக் கறுப்பு வானை விட்டு அகலவில்லை. இங்கே நிற்பவை எல்லாம் பிரித்தானியத் தயாரிப்புகள்தாம். அந்த மூலையில் நிற்பது மொறிஸ் மைனர் வான். அதற்கு அப்பால் ஸ்ராண்டர்ட் பிக்கப். சாக்கின் கீழே இருப்பது பெட்போட் லொறியின் முகம் மட்டும், உடலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கறுப்பு வானின் முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல மீளமைப்பு மனிதரை அமைதியாக்கும் என்பதை நான் இந்த வானில்தான் கண்டேன்.

இதே வானைத்தான் என் மகளின் திருமணத்துக்கு ஆகாது என்று என் சொந்த உறவினர்களே சொன்னார்கள். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இதை நான் கண்டெடுத்தது மன்னாரில். சூசைதாசன் என்ற தச்சரின் வளவில், ஒரு பூவரச மரத்தின் கீழே, நான்கு சில்லுகளும் மண்ணில் புதைந்து நின்றது. சூசைதாசன் கைதேர்ந்தவர். கட்டில், அலுமாரி, பிறகு நல்ல பலகையில் ஆள் நீளப் பெட்டிகள், எல்லாம் அவர் பட்டறையில் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் வந்த பெரிய மொறிஸ் வான், தம்பி. முன்கதவு பக்கவாட்டில் வழுக்கித் திறக்கும். எஞ்சின் ஓட்டுகிறவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு தகர மூடிக்குள் இருக்கும். இலங்கை முழுவதும் தேடினாலும் இந்த வகையில் ஓடக்கூடியவை மிகச் சிலவே.

சூசைதாசன் வண்டியின் வரலாற்றைச் சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். அது என் கொள்கை. உரிமையாளரிடம் நான் வரலாறு கேட்பதில்லை. அதோ நிற்கிறதே ஸ்ராண்டர்ட் பிக்கப், அதை விற்றவர் அது ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்து வண்டி என்று கோயிலில் நின்று சொன்னார். இருக்கையைக் கழற்றினேன், உள்ளே ஒரு சிரட்டை நிறையக் கருவாட்டுச் செதில். மனிதர் பொய் சொல்வார்கள். தகரம் பொய் சொல்லாது. அதை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: ஒரு பயணத்தில் எத்தனை பேரை ஏற்றியிருப்பீர்கள் என்று.

"ஒரு தரத்துக்கு ஒராள்தான், ஐயா," என்றார் சூசைதாசன். "என்ரை அப்பா காலத்திலையிருந்து அப்பிடித்தான்."

ஒரு பயணிக்கு ஒரு வண்டி. அக்காலத்தில் மக்கள் எவ்வளவு வசதியாகப் பயணம் செய்திருக்கிறார்கள் என்று வியந்தேன். இதில் போனவர்கள் எவரும் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை என்றும் அவர் சொன்னார். அவர் பேசிய விதம் வியாபாரியின் விதமாக இல்லை; மிகப் பணிவாக இருந்தது.

மண்ணிலிருந்து வண்டியை இழுத்தெடுக்க ஓர் உழவு இயந்திரம் தேவைப்பட்டது. அடுத்த வளவிலிருந்து ஓர் இளைஞர் வந்து அதை ஒழுங்கு செய்து தந்தார். பெயர் கேதீஸ்வரன். அரசாங்க மிருக வைத்தியர். மதிலுக்கு அப்பால்தான் அவர்கள் வீடு. அன்று என் மகள் நிரஞ்சனாவும் என்னோடு வந்திருந்தாள். அவள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். ஓய்வு நாட்களில் என் வலக்கை. பின்அச்சைத் தூக்கும்போது கேதீஸ்வரனும் அவளும் ஒரே பக்கத்தில் நின்று தள்ளினார்கள். அதன் பிறகு அவர் மாதத்தில் இரண்டு தடவையாவது மன்னாரிலிருந்து இங்கு வந்து வேலை எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று பார்த்துப் போனார். ஒரு மிருக வைத்தியருக்குப் பிரேக் உருளையில் இவ்வளவு நாட்டம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை நிரஞ்சனாவுக்குப் பொருந்துவார் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். வீட்டில் சொன்னபோது என் மனைவி தவமலர், "இப்பதான் கண்டுபிடிச்சனீங்களோ?" என்று கேட்டார். நான் சொல்கிற எதற்கும் அவர் அப்படித்தான் கேட்பார்.

வண்டிக்கு வருவோம்.

நான் கடை வைத்திருந்தவன். ஆணி, பூட்டு, வர்ணம், சீமெந்து; பழைய வண்டிகள் அப்போது ஓய்வு நேரத்தில்தான். கண் மங்கி, கடையை மூடிய பிறகு ஒரு வருடம் நான் எவரோடும் பேசவில்லை என்று தவமலர் சொல்வார். அது மிகை. நான் பேசினேன், கேட்க ஆள் இருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன் என்பதும் மிகை. அந்தச் சுவரில் நாட்காட்டி இருந்தது. இந்த வண்டி வந்த பிறகுதான் எனக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் கிடைத்தது. கண்ணுக்கும் வைத்தியம் செய்வித்துக்கொண்டேன்.

முதலில் வாசித்தது கூரையை. முன்விளிம்பில் நான்கு திருகுத்துளைகள். அவற்றைச் சுற்றி, வெயில் படாத வர்ணத்தில், ஒரு சிலுவையின் தடம். ஒரு சாதாரண மனிதர் அதைக் கடந்து போயிருப்பார். நான் போகவில்லை. மன்னார் வண்டி, கூரையில் சிலுவை, பக்கக் கண்ணாடிகள் உள்ளே தெரியாதபடி பால் நிறத்தில், ஓரத்தில் அல்லிப்பூ வேலைப்பாட்டோடு. உள்ளே உட்கார வாங்கு கிடையாது. தரையின் நடுவே நீளமாக இரு தண்டவாளம் போன்ற இரும்பு, இடையிடையே மர உருளைகள். எதற்காக என்று நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம். அன்னதானத்துக்குக் கொண்டு போகும் அரிசி மூட்டைகளையும் கிடாரங்களையும் ஒருவர் நோகாமல் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும். இவை எல்லாம் சேர்ந்தால் ஒரே முடிவுதான் வரும். இது மடு மாதா கோயில் திருவிழாவுக்கு யாத்திரிகரைக் கொண்டு சென்ற வண்டி.

இந்த முடிவை நான் எனக்குள் வைத்திருக்கவில்லை. எங்கள் வாசிகசாலையில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நாற்பது கதிரை போட்டார்கள். பின்னால் நிற்கவும் ஆட்கள் இருந்தார்கள். கடையை மூடிய பிறகு அத்தனை பேர் என்னை உற்றுப் பார்த்தது அன்றுதான். சொற்பொழிவு முடிந்து வீட்டுக்கு வந்து நான் இரண்டு தடவை சோறு கேட்டேனாம். நிரஞ்சனா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அடுத்த வாரந்தான் எழுத்து வெளிப்பட்டது. பக்கத் தகட்டில் நீல வர்ணம், அதன் கீழே பச்சை, அதன் கீழே மூலக் கறுப்பு. நிரஞ்சனா நீர் ஊற்றி அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மதிய உணவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கறுப்பின்மேல் வெள்ளி நிறத்தில் அழகான எழுத்துகள்: யாத்திரைச் சேவை. என் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தகரம் வாய் திறந்து என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சொல் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் அவள் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டாள்.

சிறு பிள்ளையாக இருந்தபோதே அளவாகத் தேய்க்கத் தெரிந்தவள். அன்று ஏன் அப்படிக் கை தவறியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடிந்து பேசினேன். முன் சொல் என்னவென்று பார்த்தாயா என்று கேட்டேன். அவள் அரத்தாளைக் கழுவிக்கொண்டே, "வடிவாத் தெரியேல்லை, அப்பா. மூண்டெழுத்துப்போலை," என்றாள். மடு என்பது இரண்டு எழுத்துத்தானே என்றேன். "அப்ப ரெண்டாத்தான் இருக்கும்," என்றாள். கணித ஆசிரியை. ஆனாலும் கவலைப்பட எதுவும் இல்லை. இழந்த சொல்லை நான் நிரப்பினேன். நீங்கள் அங்கே வாசிக்கிறீர்களே, மடு யாத்திரைச் சேவை, அதில் முதற்சொல் என் கை எழுத்து. மற்ற இரண்டும் மூல எழுத்து. வேறுபாடு தெரிகிறதா? தெரியாது. அதுதான் வேலை.

திருமணம் நிச்சயமானதும் நான் ஒன்றைத்தான் கேட்டேன். தாலி கட்டு இங்கே மண்டபத்தில் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கால்மாறும் முறைப்படி மாப்பிள்ளை வீட்டுக்கு, மன்னாருக்கு, போகும்போது, என் கையால் மீட்ட இந்த வண்டியில்தான் போக வேண்டும். நானே ஓட்டுவேன். எனக்கு ஒரே பிள்ளை. அவளை வேறொருவரின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் கையை அசைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. இல்லையென்றால் நான் மன்னாருக்கு வரவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான், அது எல்லோருக்கும் தெரியும்.

அப்போது தொடங்கியது எதிர்ப்பு.

தவமலர் முதலில் கறுப்பு நிறம் மங்கலத்துக்கு ஆகாது என்றார். அரச குடும்பத்தார் கறுப்பு வண்டியில்தான் போவார்கள் என்று எடுத்துக்காட்டினேன். பிறகு முழங்கால் வலி என்றார். அவருக்கு முன்னிருக்கையில் மெத்தை போட்டேன். பிறகு வைரவருக்கு நேர்த்திக்கடன் வைத்தார்.

இராசநாயகம்தான் அதிகம் பேசினார். அவரும் பழைய வாகனம் சேர்ப்பவர். ஓர் ஒஸ்ரின் பிக்கப் வைத்திருக்கிறார், பொனற்றின் நிறம் மூல நிறமே அல்ல, அதை விடுங்கள். அவர் இந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்கதவைத் திறந்து உருளையைக் கையால் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அத்தான், இதிலை ஆக்கள் தாங்களா ஏறுறேல்லை. ஏத்துறது."

"தளம் உயரம்," என்றேன். "அதற்குத்தான் படி செய்து பூட்டப் போகிறேன்."

"படி இல்லை அத்தான் பிரச்சினை. வெளிக்கிட்டா இது எங்கை போறதெண்டு—"

"மாமா," என்று நிரஞ்சனா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "தேத்தண்ணி ஆறுது."

அவர் உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அத்தான், உங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை கிடைச்சது புண்ணியம்," என்று சொல்லிவிட்டுப் போனார். பொறாமை மனிதரை எப்படியெல்லாம் பேசவைக்கிறது பாருங்கள்.

உண்மையான காரணம் எனக்கு விளங்கிவிட்டது, தம்பி. மடு என்ற பெயர்தான். சைவ வீட்டுத் திருமணத்துக்கு வேதக் கோயில் யாத்திரை வண்டியா என்று அவர்களுக்கு மனதுக்குள் குமைச்சல். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஆகையால் நான் உறவினர் எல்லோரையும் கூட்டி வைத்து, சமயங்கள் பல ஆனாலும் பாதை ஒன்றுதான் என்றும், எல்லோரும் ஈற்றில் போய்ச் சேருமிடம் ஒன்றுதான் என்றும், அந்த இடத்துக்குத்தான் இந்த வண்டி இத்தனை காலம் மக்களைக் கொண்டு போயிருக்கிறது என்றும் எடுத்துரைத்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. என் சித்தப்பாவின் மகன் ஒருவர் மட்டும் இருமல் வந்து எழுந்து வெளியே போனார்.

மிஞ்சியது சம்பந்தி. கேதீஸ்வரனின் தகப்பனார் வைத்தியநாதர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்து இளைப்பாறியவர். சிரித்து எவரும் பார்த்ததில்லை என்பார்கள். திருமணத்துக்கு இரு கிழமை முன்பாக, முறை பேச வந்தவர், இந்த வண்டியின் முன்னால் நின்றார். நின்றவர் நின்றபடியே நின்றார். கைத்தடியை இடது கைக்கு மாற்றி, வலது கையைப் பின்கதவில் வைத்தார்.

"இந்த வண்டியை எனக்குத் தெரியும்," என்றார். "எங்கடை ஐயா இதிலைதான் போனவர்."

என் மகிழ்ச்சியை நான் அடக்கிக்கொண்டேன். "மடுவுக்கா?" என்று கேட்டேன்.

வைத்தியநாதர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே நிரஞ்சனா தேநீர்த் தட்டோடு நின்றாள். அவரைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஓம்," என்றார் வைத்தியநாதர் மெதுவாக. "அந்தப் பக்கந்தான்."

"திரும்பி வரும்போதும் இதிலா?"

"ஐயா திரும்பி வரேல்லை."

"அங்கேயே தங்கிவிட்டாரோ?"

"அங்கையே தங்கிட்டார்," என்றார்.

பார்த்தீர்களா, தம்பி? பழுத்த சைவக் குடும்பம். ஆனாலும் அந்த மனிதர் மடுவுக்குப் போய், அந்த அமைதியில் மனம் ஒன்றி, அங்கேயே தங்கியிருக்கிறார். இப்படிப்பட்ட பரந்த உள்ளம் கொண்டவர்களின் வீட்டுக்கா என் மகள் போகிறாள் என்று எனக்குக் கண் கலங்கியது.

நிரஞ்சனா தட்டை என் கையில் தந்துவிட்டு, "மாமா, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ," என்று அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் கையை ஆட்டி ஏதோ விளக்கினாள். ஒரு முறை தன் விரல்களைக் காட்டினாள், அரத்தாள் தேய்த்துத் தோல் உரிந்த விரல்கள். கஷ்டப்பட்டு உழைத்ததைச் சொல்லியிருப்பாள். வைத்தியநாதரின் முகம் முதலில் கல்லாக இருந்தது. பிறகு அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றார். அவரது தோள்கள் ஆடின. தந்தையாரின் நினைவு வந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. "சம்பந்தி," என்றார், "வண்டியிலையே வாங்கோ. எங்கடை வாசலுக்கு இது வரட்டும். நான் நிண்டு கூட்டிக்கொண்டு போறன்."

அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். திருமணத்தன்று, தாலி ஏறி, எல்லோரும் சாப்பிட்டு எழும்பும் நேரம், மண்டபத்து வாசலில் வெள்ளை நிறக் கார் ஒன்று பூச்சரம் கட்டி வந்து நிற்கிறது. இராசநாயகத்தின் ஏற்பாடு. பெண் மாப்பிள்ளை இதில் போகட்டும், அத்தான் விரும்பினால் பின்னால் வானில் வரட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். தவமலரும் தலையாட்டியிருக்கிறார். எவரும் என்னிடம் கேட்கவில்லை.

நான் சண்டை பிடிக்கவில்லை. வானுக்குள் ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, ஓட்டுகிற இடத்தில் அமர்ந்தேன். செவ்வந்தி மாலைகளும் வெள்ளை மலர் வளையங்களும் நானே வாங்கி நானே கட்டியவை. அவை வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. மன்னாருக்குப் போகக் கூடாது, சொன்ன சொல்லைக் காக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மகளை வழியனுப்பாத தகப்பன் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். ஆனால் எஞ்சினைக் கிளப்பி வீட்டுக்குத் திரும்பவும் கை வரவில்லை.

கதவைத் தட்டினாள். கூறைச்சேலை, கழுத்தில் புதுத் தாலி, வியர்வையில் நெற்றிப்பொட்டு சற்றுக் கரைந்திருந்தது. உள்ளே வரவில்லை. வெளியே நின்று வண்டியை முன்னிருந்து பின் வரை பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். எதையோ மனதுக்குள் கூட்டிக் கழிப்பவள்போல நெடுநேரம் நின்றாள். கேதீஸ்வரன் பின்னால் நின்று தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அப்பா, நான் இதிலை வந்தா உங்களுக்குச் சந்தோசமோ?"

"உன் சந்தோசத்தைச் சொல்."

"எனக்கு நீங்கள் வரவேணும். அவ்வளவுதான்." பிறகு அவள் சிரித்தாள். "ஆனா ஒண்டு. மன்னாரிலை நான் என்ரை காலாலை இறங்கித்தான் நடப்பன். ஒருதரும் என்னைத் தூக்கி இறக்கப்படாது. இவரையுந்தான்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கூச்சம். சரி என்றேன். அவள் பின்கதவைத் திறந்து, என் படியில் காலை வைத்து, தானே ஏறினாள். நான் உருளைகளின்மேல் பலகை அடித்து, வெல்வெட் மெத்தை போட்டு வைத்திருந்தேன். கேதீஸ்வரன் அவளுக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்தார். இராசநாயகம் அந்த வெள்ளைக் காரின் சாரதியிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, பின்கதவைத் தானே வந்து சாத்தினார். சாத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தவமலர் முன்னிருக்கையில் ஏறி, எஞ்சின் மூடியின் சூட்டில் சேலை படாமல் ஒதுக்கிக்கொண்டு, பாதையைப் பார்க்காமல் "சிவ சிவ" என்று சொல்லத் தொடங்கினார். சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, வெள்ளாங்குளம், எல்லாம் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. என் ஓட்டத்தில் அவருக்கு எப்போதும் நம்பிக்கை குறைவு.

வண்டி ஒரு சத்தம் போடவில்லை, தம்பி. கடல் காற்று, நேரான பாதை, இருபுறமும் வெட்டைவெளி. வாழ்க்கையில் அப்படி ஓர் ஓட்டம் நான் ஓட்டியதில்லை.

கடலுக்கு ஊடே போகும் மன்னார்த் தாம்போதியைக் கடந்து நகருக்குள் நுழையும் இடத்தில் ஒரு லொறிக்கு வழி விட நிறுத்தினேன். பாதையோரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் எழும்பி வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"எந்த வீட்டு ஆள், ஐயா?"

"வைத்தியநாதர் வீட்டுக்குப் போகிறோம்," என்றேன். "என் மகளும் மருமகனும்."

அவர் வண்டியின் பால் நிறக் கண்ணாடியைப் பார்த்தார். பூமாலைகளைப் பார்த்தார். "ரெண்டு பேருமோ?"

"இருவரும் சேர்ந்துதான். வேறு வேறாக அனுப்புவது முறையல்லவே."

"மாதாவே," என்றார். "இளம் ஆக்களோ?"

"மகளுக்கு இருபத்தொன்பது. அவருக்கு முப்பத்திரண்டு."

"உங்களுக்கு வேறை பிள்ளையள்?"

"இல்லை. ஒரே பிள்ளை," என்றேன். அதைச் சொன்னபோதுதான் அது எனக்கே உறைத்தது. காலை முதல் மாலை கட்டுவதும் எஞ்சின் பார்ப்பதுமாக இருந்தேன். நினைக்க நேரம் இருக்கவில்லை. இனிமேல் அந்தக் கொட்டகையில் மற்றப் பக்கத்தைப் பிடிக்க எவர் இருக்கிறார்? என் குரல் சற்று உடைந்துவிட்டது. அந்த முதியவர் கதவுக்குள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுவதும் உப்பு. "மனதைத் தளர விடாதேங்கோ," என்றார். "தகப்பனுக்குத்தான் இது பெரிய பாரம்." அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. என் கண்ணிலிருந்தும்தான். தவமலர் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் அத்தனை பேர் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அரிசி நல்ல அரிசி, பாயசம் நல்ல பாயசம் என்றார்கள். ஒருவராவது இப்படி என் கையைப் பிடித்தார்களா? பெயர் தெரியாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது, ஒரே பெண்ணைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு தகப்பனுக்கு என்னவாக இருக்கும் என்று.

அங்கிருந்து கடைத்தெரு. நான் மெல்ல ஓட்டினேன்; அந்தத் தெருவில் விரைவது முறையாகத் தோன்றவில்லை. தேநீர்க் கடை வாங்கில் இருந்த வயது போனவர்கள் எங்களைக் கண்டதும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். துணிக் கடைக்காரர் வானொலியை நிறுத்தினார். மீன் வாங்க நின்ற அம்மாமார் சிலுவை அடையாளம் இட்டு என் பிள்ளைகளை வாழ்த்தினார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். இளம் பிள்ளைகள் விளங்காமல் பார்த்தார்கள். மூத்தவர்கள் அவர்களைத் தட்டி எழுப்பி நிற்கவைத்தார்கள். ஒரு பழைய மொறிஸ் வானையும் புதுமணத் தம்பதிகளையும் இப்படி எழுந்து நின்று வரவேற்கும் நகரம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

உட்கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நிரஞ்சனா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு, கேதீஸ்வரனின் மடியில் கவிழ்ந்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவரும் தலைப்பாகையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டைப் பிரிவது அவளுக்கு அத்தனை பாரமாக இருந்திருக்கிறது; என்னிடம் காட்டிக்கொள்ளாமல் மன்னார் மட்டும் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்குமேல் நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எனக்கும் பாதை தெரிய வேண்டுமே. இடது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் திறந்திருந்த கதவுக்கு வெளியே நீட்டி, அந்த மரியாதை தெரிந்த மனிதர் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லியபடி, என் பிள்ளையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.